மன்னிக்கும் உரிமை யாருக்கு?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் வளரும் பிள்ளைகள் எப்படியும் கேட்டுவிடும் கதை ஒன்று உண்டு. 1699-இல் ஜொகூர் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஷா, தொழுகைக்குச் சுமந்து செல்லப்படும் வழியில் மெகாட் ஸ்ரீ ராமா என்ற படைத்தலைவனால் குத்திக் கொல்லப்பட்டார். அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றதற்காகப் படைத்தலைவனின் கர்ப்பிணி மனைவியின் வயிற்றைக் கிழிக்கச் சொன்னவர் அந்தச் சுல்தான். கொலைக்கு மக்கள் சொல்லும் காரணம் இது. கொன்றவனின் வம்சத்தாரான பிந்தான் தீவினர் இந்த ஊரில் கால் வைத்தால் ரத்தம் கக்குவார்கள் என்று சாகும் தறுவாயில் அவர் சபித்தாராம். இருவர் கல்லறைகளும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. சாபம் கொன்றவனின் பேரப்பிள்ளைகள்வரை துரத்துகிறது. அந்தப் பெண்ணுக்காக யாரும் யாரையும் சபித்ததாகக் கதையில் இல்லை.

பாதிக்கப்பட்டவர் மறக்கப்படுவது கதையில் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் சீட்டுப் பணத்தோடு சிங்கப்பூருக்கு ஓடிப்போனார். எல்லாம் பால்மரம் வெட்டிய பெண்கள் சேர்த்த வெள்ளி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இடிபட்ட பிறகு, ஒரு திருவிழாவுக்கு அவர் திரும்பினார். கோயில் கூரைக்குப் பெரிய தொகை கொடுத்தார். மாலை விழுந்தது. “இந்த ஊருக்கு நான் கடன்பட்டவன்” என்று மைக்கில் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. கேட்டவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகள் கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டி ஏமாந்த அக்கா ஒருவரும் அங்கே நின்றிருந்தார். “ஊருக்கா கடன்பட்டான்? எனக்கில்ல பட்டான்!” என்றார்.

அந்த மனிதரின் கண்ணீர் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஊரிடமும் சாமியிடமும் மன்னிப்புக் கேட்பது சுலபம்; இரண்டும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அந்த அக்காவின் வாசலில் போய் நின்றால், “இத்தனை வருஷம் எங்கே போயிருந்தே?” என்பார். மன்னிக்க முடியாது என்று கதவைச் சாத்தவும் செய்யலாம். அதற்கும் தயாராக வருபவனே உண்மையில் ஊர் திரும்பியவன்.

அப்படி நின்ற ஒருவர் உண்டு: இரண்டாம் உலகப் போரில் சயாம் ரயில்பாதை போடப்பட்ட காலத்தில் ஜப்பானிய ராணுவக் காவல்துறையின் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தக்காஷி. குற்றவுணர்ச்சி அவரை அந்தப் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குத் திரும்பத் திரும்ப இழுத்தது; அங்கே சமாதானத்துக்காக ஒரு கோயிலும் எழுப்பினார். ஆனாலும் 1993-இல், தன் கண்ணெதிரே வதைபட்ட எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கைதியின் முன்னால் அவர் நேருக்கு நேர் நிற்க வேண்டியிருந்தது. லோமாக்ஸ் மன்னித்தார். அவரால் மன்னிக்க முடிந்தது தன் பங்கை மட்டும்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அதே பாதையில் மாண்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை. இவர்கள் சார்பில் யார் மன்னிப்பது?

சீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த கூரை அப்படியே இருக்கட்டும். பழைய பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் வீடு வீடாகப் போக வேண்டும். இறந்தவர்களின் பங்கைப் பிள்ளைகளிடம் சேர்க்க வேண்டும். தேடியும் ஆள் கிடைக்காத பெயர்கள் சில மிஞ்சத்தான் செய்யும். அந்தப் பாக்கியைக் கோயில் கணக்கில் கழித்துவிடாமல், சாகும்வரை தன் பெயரிலேயே வைத்திருப்பதுதான் நேர்மை.