அடைக்கலப் பொருள்

அமெரிக்க நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் என் மகன் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருந்தேன். அங்கே வில்கொண்டு மான் வேட்டையாடும் பருவம் செப்டம்பர் இறுதியில் தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரத்தில் முடிகிறது. முடிந்த மறுவாரம், அண்டை வீட்டுப் பெரியவர் நீண்ட பெட்டியொன்றுடன் வாயிலில் வந்து நின்றார். உள்ளே இருந்தது குறுக்குவில். தம் வீட்டில் பழுதுபார்க்கும் வேலை நடப்பதாகவும், பேரக்குழந்தைகளின் கைபடாத இடம் அங்கில்லை என்றும் கூறி, அடுத்த பருவம் வரை எங்கள் கார்க் கொட்டகையில் பூட்டிவைக்க வேண்டினார். பனி கொட்டிய நள்ளிரவில் என் மருமகளைப் பிரசவத்திற்கு அழைத்துச் சென்றவர் அவர். மகன் மறுக்கவில்லை.

வில்லைப் பேணும் முறையையும் அவர் விளக்கினார். நாணேற்றிய நிலையில் வைத்தல் ஆகாது. அம்பின்றி நாணை விடுவித்தால் வில்லின் கைகள் பிளந்து தெறிக்கக்கூடும். ஆதலால் இலக்குப் பொதியில் ஓர் அம்பைச் செலுத்தியே நாணை இறக்கவேண்டும். நாணுக்கு மெழுகு பூசி, அம்புகளை வேறு பெட்டியில் பூட்டி, வெப்பம் மிகாத உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். கப்பி பொருத்திய இவ்வகை வில்லில், நாணை இறக்கிய பின்னும் இறுக்கம் முற்றும் நீங்குவதில்லையாம்.

பிரமாதம், அதாவது விழிப்பின்மை, கூடிய செயலால் உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது தத்வார்த்த சூத்திரம். பாதுகாப்பு ஒன்றை மட்டும் நோக்கின் அப்பெரியவர் நம்மில் பலரினும் விழிப்புடையவர். பூச்சிமருந்துப் புட்டியை அரிசிப் பானைக்கருகில் வைப்போர் நம் ஊர்களிலும் உண்டே!

ஆயினும் எனக்கு உறக்கம் வரவில்லை. கோடரி, வாள் முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்கு அளித்தல் இம்சாதானம் என்றும், இல்லறத்தார் விலக்கத்தக்கது என்றும் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வகுத்துள்ளார். செப்டம்பரில் இவ்வில்லைத் திருப்பித் தருவது அதுவன்றோ? தராமல் விடலாமெனில், ஒப்படைத்த பொருளை மறுக்கும் நியாசாபகாரம் வாய்மை விரதத்திற்கு இழுக்கென்று அந்நூலே கூறுகிறது. ஒரு விரதத்தைக் காக்க மற்றொன்று குறைகிறது.

கிரேக்க ஞானி பிளேட்டோவும் தம் 'குடியரசு' நூலின் தொடக்கத்தில் இத்தகைய வினாவை எழுப்புகிறார்: அறிவு தெளிந்திருந்தபோது ஆயுதத்தை ஒப்படைத்த நண்பன், சித்தம் கலங்கியபின் கேட்டால் கொடுக்கலாமா? கூடாதென்பதே அங்குக் கிடைக்கும் விடை. ஆனால் எங்கள் அண்டை வீட்டார் சித்தம் கலங்கியவரல்லர். தம் நாட்டுச் சட்டப்படி நடப்பவர்.

ஆகவே கொடுத்தே தீரவேண்டும் என்று மகனிடம் சொன்னேன். பிழை செப்டம்பரில் அன்று, பிப்ரவரியில், வாயிற்படியில் நேர்ந்தது என்பது என் கருத்து. அவர் வீட்டிலேயே வலுவான பூட்டொன்று அமைத்துத் தந்திருக்கலாம்; குழந்தைகளும் காக்கப்பட்டிருப்பர். "அதுவும் வில்லுக்குச் செய்த பணிவிடைதானே, அத்தை?" என்று மருமகள் கேட்டாள். முப்பதாண்டு ஆசிரியப்பணி புரிந்தும் அக்கேள்விக்கு விடை கூற இயலவில்லை.

நான் ஊர் திரும்பிய பின், செப்டம்பரில், மகன் பெட்டியை ஒப்படைத்தான். இனி வாங்கிவைக்க இயலாதென்பதையும் காரணத்தையும் பணிவுடன் சொன்னானாம். பெரியவர் சற்று நேரம் பேசாமல் நின்று, பின் கைகுலுக்கிச் சென்றிருக்கிறார். அன்று அவன் ஒருவேளை உணவே கொண்டான் என மருமகள் தொலைபேசியில் தெரிவித்தாள்.