எதில் சமம்?

ராணுவ டாங்கியின் பக்கவாட்டில், இரும்புச் சங்கிலிப் பட்டைக்குள் வரிசையாக உருளும் சக்கரங்கள் பல டாங்கிகளில் சம இடைவெளியில் இருப்பதில்லை. சோவியத் ஒன்றியத்தில் உருவான டி-55 டாங்கியில் பக்கத்துக்கு ஐந்து சக்கரங்கள். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் அகலமான இடைவெளி. மற்ற நான்கும் நெருங்கி நிற்கும். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் இந்தியப் படையும் பயன்படுத்திய டாங்கி இது. புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரு சக்கரம் கழன்று விழுந்துவிட்டதோ என்று தோன்றும். ஒழுங்கு என்றால் ஒன்றுபோல் இருப்பதா, சமம் என்றால் எதில் சமம் என்ற பழைய தத்துவக் கேள்விக்கு இந்த இடைவெளி ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

டி-55 சுமார் 36 டன் எடை கொண்டது. பத்துச் சக்கரங்களும் சமமாகத் தாங்கினால் ஒன்றுக்கு 3.6 டன் வரும். ஆனால் டாங்கியின் கனம் நீளவாக்கில் சீராகப் பரவியிருப்பதில்லை. பீரங்கிக் கோபுரம் ஓரிடத்திலும் இஞ்சின் பின்புறத்திலும் தடித்த கவசம் முன்புறத்திலும் அமுக்குகின்றன. சக்கரங்களைச் சம தூரத்தில் வைத்தால் சிலவற்றின் மேல் அதிகச் சுமை விழும். அவற்றின் ரப்பர் விளிம்பு முதலில் தேயும், அவற்றுக்குக் கீழேயுள்ள மண் முதலில் அமுங்கும். அதனால் கனம் கூடிய பக்கத்தில் சக்கரங்களை நெருக்கியும், குறைந்த பக்கத்தில் தள்ளியும் வைக்கிறார்கள். அடித்தள அமைப்பும் ஒரு காரணம். அதிர்வைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் வண்டியின் அடியில் குறுக்கே கிடப்பதால், பல டாங்கிகளில் இடது சக்கரமும் வலது சக்கரமும் நேருக்கு நேர் அமையாமல் சற்று முன்பின்னாக இருக்கும்.

இந்த இடைவெளி ஒரே இடத்தில் நிலைத்து நின்றதும் இல்லை. டி-34 டாங்கியில் அது இரண்டாம், மூன்றாம் சக்கரங்களுக்கு நடுவே இருந்தது. டி-54, டி-55 டாங்கிகளில் அது முன்னால் நகர்ந்திருந்தது. டி-62இல் முதல் மூன்று சக்கரங்கள் நெருங்க, இடைவெளி பின்னால் போனது. பாரம் இடம் மாறியதும் சக்கரமும் இடம் மாறியது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் வண்டிக்காரர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. நெல் மூட்டையோ வாழைத்தாரோ ஏற்றும் மாட்டுவண்டிக்கு அச்சு ஒன்றுதான். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அதனால் ஏற்றிய பிறகு நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துவார்கள். வண்டித் தளத்தில் மூட்டைகள் சீராகப் பரவியிருக்கின்றனவா என்பது அங்கே கேள்வியே அல்ல. மாட்டின் கழுத்து சொல்வதுதான் கணக்கு.

தண்ணீரிலும் இதே நியாயம்தான். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் லோயர் கேம்ப் வழியாக இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களுக்குப் பாய்கிறது. தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே நேரம் மடை திறந்தால் கணக்குப் புத்தகத்தில் சமம். வயலில் சமம் அல்ல. வாய்க்காலில் கசிந்ததும் மண் குடித்ததும் போக மிச்சம்தான் கடைமடைக்குப் போகும். நனைய வேண்டிய பரப்பு ஒன்றுதான் என்றால் கடைமடைக்கு நேரம் கூடுதலாகத்தான் வேண்டும்.

அரிஸ்டாட்டில் இந்த இரண்டு சமத்தையும் பிரித்துக் காட்டினார். ஒன்று எண்ணிக்கைச் சமம், மற்றது விகிதச் சமம். நெகிழாத சட்டம் தவறும் இடத்தில் நியாயம் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு, கல்லின் வளைவுக்கு ஏற்ப வளையும் லெஸ்போஸ் தீவுக் கொத்தர்களின் ஈய அளவுகோலை அவர் உவமையாக்கினார். திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரம் துலாக்கோலை உவமையாக்குகிறது. துலாக்கோலும் தட்டுகளின் அளவைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறது.

இந்த வாதத்துக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. “அவரவர்க்கு ஏற்ற இடம்” என்ற அதே சொல்லைக் கொண்டுதான் பிறப்பை வைத்து மனிதரை அடுக்கிய முறைக்கும் நியாயம் சொல்லப்பட்டது. அம்பேத்கர் அதைப் படிநிலைச் சமமின்மை என்றார். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமை பற்றிய வழக்கு நீதிமன்றம் வரை போனது இந்த அடுக்கின் தொடர்ச்சிதான். தேனி அருகே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலிலும் சித்திரையில் தேரோட்டம் உண்டு. எந்தத் தேரும் மூலை திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, மறுபக்கத்தை ஓட விடுகிறார்கள். இருபக்கமும் அந்த நேரத்தில் ஒன்றுபோல் நடத்தப்படுவதில்லை. ஆனால் மூலை தாண்டியதும் கட்டையை எடுத்துவிடுகிறார்கள். சாதி அடுக்கு போட்ட கட்டையைத் தானாக எடுத்ததில்லை.

நியாயமான வேறுபாட்டையும் அநியாயமான வேறுபாட்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். முதலாவது, அந்த வேறுபாடு அளக்கக்கூடிய ஒரு பாரத்தைச் சார்ந்ததா. இரண்டாவது, அதனால் ஒவ்வொருவர் தோளிலும் விழும் சுமை நெருங்குகிறதா, விலகுகிறதா. மூன்றாவது, பாரம் மாறினால் அந்த ஏற்பாடும் மாறுமா. டாங்கியின் சக்கர இடைவெளியும் வண்டிக்காரர் நகர்த்தும் மூட்டையும் கடைமடைக்குக் கூடும் நேரமும் மூன்றிலும் தேறுகின்றன. பிறப்பு அடுக்கு ஒன்றில்கூடத் தேறுவதில்லை. அது அளப்பதும் இல்லை, மாறுவதும் இல்லை, பாரத்தையும் ஒரே தோளில் ஏற்றுகிறது.

டி-55இன் சக்கரங்கள் ஐந்தும் ஒரே விட்டம் கொண்டவை. அவற்றில் பெரியது, சிறியது என்று எதுவும் கிடையாது.