தகுதியும் தகவும்

கிள்ளான் நகரின் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடந்து செல்வோர் செவியில் ‘பொருத்தம்’ என்னும் சொல் பலமுறை விழும். சேலைக்குப் பொருத்தமான இரவிக்கைத் துணியைத் தேடுவோர் அங்கே பலர். பிரிக்பீல்ட்ஸில் மகளின் சாதகத்தோடு சோதிடர் முன் அமர்ந்திருக்கும் பெற்றோர் கேட்பதும் பொருத்தமே. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரம் ‘தகுதி’ கேட்கிறது. மருத்துவர் உடலுக்கு ‘ஏற்ற’ உணவைச் சொல்கிறார். அலுவலகமோ ‘உரிய’ படிவத்தைக் கொண்டுவரச் சொல்கிறது. இந்நான்கும் ஒரு பொருள் தரும் சொற்கள்போலத் தோன்றும். ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்றை இட்டு எழுதுவாரும் உளர்.

ஆயினும், இவற்றின் எதிர்மறையை நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். பொருந்தாத சட்டை என்றால் சட்டைக்கும் பழியில்லை, அணிபவனுக்கும் பழியில்லை. இரண்டும் சேரவில்லை என்பதே செய்தி. உடல் ஏற்காத உணவு நஞ்சன்று. அவ்வுடலின் இயல்பு அத்தகையது. உரியதன்று என்றால், ஒன்று வேறொருவருக்குச் சொந்தம் என்றோ வேறு காலத்திற்குரியது என்றோ பொருள். தகாத செயல் என்னும்போது மட்டும் பழி வந்து சேர்கிறது. தகாத சொல், தகாத நட்பு, தகாத ஒழுக்கம் ஆகிய எல்லாவற்றிலும் குற்றம் சாட்டும் குரல் கேட்கிறது. ஆகவே, ஒருவனைத் ‘தகுதியற்றவன்’ என்பது ‘இவ்வேலைக்குப் பொருந்தாதவன்’ என்பதைக் காட்டிலும் மிகக் கனமான சொல். அது அவன் கல்வியை அளப்பதோடு நில்லாமல் அவன் மதிப்பையும் தொட்டுவிடுகிறது.

இவ்வளவு கனமான சொல்லைப் பழந்தமிழர் யார் தோளில் ஏற்றினர்? திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. அதன் முதற்குறளிலேயே வள்ளுவர் நடுவுநிலைமையைத் தகுதி என்னும் சொல்லாற் குறிக்கிறார். பகைவர், நண்பர், அயலார் என்னும் எல்லாரிடத்தும் ஒரே முறைமையோடு ஒழுகுவதே அங்கே தகுதி. அதே அதிகாரத்தில் தக்கார் என்றும் தகவிலர் என்றும் மாந்தர் இரு திறத்தாராகின்றனர். துலாக்கோலும் அவ்வதிகாரத்தில் உவமையாக வருகிறது. நிறுக்கப்படும் பொருளுக்கு முன், நிறுக்கும் கோல் நேராக நிற்றல் வேண்டும் என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. அளப்பவனிடத்து முதலில் இருக்கவேண்டிய பண்பே தகுதி என்பது இதனாற் பெறப்படும்.

இலக்கணமும் இதனையே காட்டுகிறது. நன்னூலார் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இருவகைப்படுத்தினார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றும் தகுதி வழக்கின்பாற்படும். இறந்தாரை இறைவனடி சேர்ந்தார் என்பதும், மலங்கழுவி வந்தவனைக் கால் கழுவி வந்தான் என்பதும் மாணவர் அறிந்த எடுத்துக்காட்டுகளே. இவற்றுள் முன்னது துயருற்றாரின் மனம் மேலும் நோவாமற் காக்கிறது. பின்னது அவையின் நாணத்தைக் காக்கிறது. இவ்விடங்களில் தன்னை அடக்கிக்கொள்ளும் கடமை பேசுவோனுக்கே உண்டு. கேட்போனிடம் எந்தத் தகுதியும் கேட்கப்படுவதில்லை.

இம்முறை தலைகீழானால் விளைவது யாது என்பதற்குக் கிள்ளான் வட்டாரமே சான்று பகரும். 1941ஆம் ஆண்டில் அங்குள்ள இரப்பர்த் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை முதலியவற்றைத் தமிழ்த் தொழிலாளர் கேட்டனர். அவற்றோடு, தோட்ட அதிகாரிகளைக் காணும்போது மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்னும் நிலை ஒழியவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. துரையோ கிராணியோ எதிரே வந்தால், தன் உழைப்பால் வாங்கிய வண்டியிலிருந்து தொழிலாளி இறங்கி நிற்றல் வேண்டும். இறங்காமை தகாத செயல் எனக் கருதப்பட்டது.

வண்டியில் அமர்ந்து செல்வதில் என்ன தகாமை இருந்தது? அதனால் எவருக்கும் தீங்கில்லை; பாதைக்கும் இடையூறில்லை. வலியவர் தம் விருப்பத்திற்குத் தகுதி எனப் பெயரிட்டு, அதன் சுமையை எளியவர் தலைமேல் வைத்தனர். தொழிலாளர், தாம் தகுதியுடையோர் என்று மெய்ப்பிக்க முற்படவில்லை. தமக்கு உரியதைக் கேட்டனர். வழக்கைத் ‘தகுதி’யிலிருந்து ‘உரிமை’க்கு மாற்றியதே அவர்தம் போராட்டத்தின் பெருமை. அவர்களை வழிநடத்திய, ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர்.

அங்ஙனமாயின், தகுதி காண்பதே தவறு எனலாமோ? எனலாகாது. பயிற்சி பெறாதவர் கையில் பேருந்தையோ அறுவைக் கத்தியையோ கொடுத்தல் அறமன்று. தகுதியை அளத்தல் வேண்டும். ஆனால், அவ்வளவை நேரியதாக இருத்தல் வேண்டும். அளக்கப்படுவது அப்பணிக்கு இன்றியமையாததா, எல்லாரும் ஒரே கோலால் அளக்கப்படுகின்றனரா, அத்தகுதியை அடைவதற்கான வாய்ப்பு முன்னரே தரப்பட்டதா என்னும் மூன்று வினாக்களுக்கும் ஆம் என்று விடை கூற இயலாதவன் பிறரைத் தகுதியற்றவர் எனக் கூறுதற்குத் தானே தகுதியற்றவன் ஆகிறான்.

இவ்வினாக்கள் பள்ளிக்கூடத்திற்கு மிக அணுக்கமானவை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலத்தில், மலாய்மொழியில் குறைந்த அளவு அடைவும் பெறாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் இடைநிலைப்பள்ளியில் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்றனர். அத்தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. மொழியை வலுப்படுத்திக்கொள்ள அளிக்கப்பட்ட கால நீட்டிப்பே அவ்வகுப்பு. ஆயினும், உடன் படித்தோர் முதலாம் படிவத்தில் அமர, தான் மட்டும் புகுமுக வகுப்பில் அமரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன கேட்டிருக்கும்? ‘உனக்கு இன்னும் ஓராண்டுப் பயிற்சி ஏற்றது’ என்று கேட்ட பிள்ளை உழைக்கத் தொடங்கும். ‘நீ தகுதியில்லாதவன்’ என்று கேட்ட பிள்ளையோ அந்தப் பழியைத் தன் பெயரோடு சேர்த்துச் சுமக்கும். வகுப்பும் பாடநூலும் ஒன்றே. வாயிலில் நின்ற ஆசிரியரின் சொல்தான் வேறு.

அறிவியலைக் காட்டிலும் கைத்தொழிலில் நாட்டங்கொண்ட மாணவனுக்கு அறிவியல் வகுப்பு பொருந்தாமல் இருக்கலாம். விரைந்து கற்பிக்கும் முறை ஒருவனுக்கு ஏலாமல் இருக்கலாம். அவனுக்கு உரிய கவனிப்பு கிடைக்காமலும் இருந்திருக்கலாம். இம்மூன்றையும் ஆராயாமல் ‘தகுதியில்லை’ என்று கூறுவது, நோயின் பெயரறியாத மருத்துவன் நோயாளியைக் குறை கூறுவதை ஒக்கும்.

சொல்வளம் மிக்க மொழியைப் பெற்றோர் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கடமையையும் உடன் பெற்றோராவர். பொருத்தம், ஏற்பு, உரிமை, தகுதி எனத் தமிழ் நான்கு சொற்களைத் தந்திருப்பது, ஒரு பிள்ளையை நான்கு கோணத்தில் நோக்குவதற்கே. மதிப்பெண் பட்டியலில் குறிப்பெழுதக் கையெடுக்கும் ஆசிரியர், மாணவன் தகுதியை அளக்குமுன் தம் தகவை ஒருகணம் நிறுத்துப் பார்ப்பாராக.