என்ன பண்ணுது?

ஒருவர் குடித்திருக்கிறார் என்று நேரடியாகச் சொல்லத் தயங்கும்போது "ஆளு நிதானத்துல இல்ல" என்போம். அதே நிதானம்தான் நல்ல குணத்துக்கும் பெயர். "நிதானமான மனுஷன்" என்றால் நம்பிப் பெண் கொடுக்கலாம், கடன் கொடுக்கலாம். தடுமாற்றம், சறுக்கல், நிலை தவறுதல், வழுக்கி விழுதல் என்று ஒழுக்கக் கேட்டுக்கு நம்மிடம் இருக்கும் சொற்களில் பல, கால்களிலிருந்து எடுத்தவை. வள்ளுவரும் நடுவு நிலைமையைச் சொல்ல வரும்போது தராசைத்தான் காட்டுகிறார். நேராக நிற்கிறவன் நேர்மையானவன் என்று நமக்கு முன்பே மொழி முடிவு செய்துவிட்டது.

ஆனால் நேராக நிற்பது ஒருவர் சம்பாதித்த குணமா? இல்லையென்றால், தெருவில் ஒருவர் தள்ளாடுவதைப் பார்த்த நொடியில் நமக்குள் எழும் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

முதலில் நிற்பது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். உடம்புக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது. கண் ஒன்று. பாதம், மூட்டு, தசை எல்லாம் சேர்ந்து ஒன்று. மூன்றாவது உள்காது. காதுக்குள் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றில் திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், அதை வைத்து மூளை திருப்பத்தை அறியும். பக்கத்திலேயே இருக்கும் சிறு பையில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. முட்டை ஓட்டில் இருக்கும் அதே பொருள், தலைமுடியின் பருமனைவிடச் சிறியவை. தலை சாய்வதையும் உடம்பு முன்னே பின்னே நகர்வதையும் சொல்வது அவற்றின் வேலை.

அந்தப் படிகங்களில் சில கழன்று குழாய்க்குள் போய்விட்டால் போதும். படுக்கையில் புரண்டு படுக்கும்போது, பரண்மேல் இருப்பதை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது, உலகமே சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும், ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பிடிமானம் என்று எதுவும் இருக்காது. நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையிலும் இது தெரிந்த கதைதான். செத்துப்போன சென்சாரால் பெரிய ஆபத்து இல்லை, அதை ஒதுக்கிவிடலாம். உயிரோடு இருந்துகொண்டு தப்பான ரீடிங் அனுப்புகிற சென்சார்தான் மொத்த சிஸ்டத்தையும் கவிழ்க்கும்.

இது நோய்தான் என்று மருத்துவம் ஒத்துக்கொள்ளவே நாளாகியிருக்கிறது. திடீர்த் தலைசுற்றல் என்றால் மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று நம்பி ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1861ல் பாரிஸில் ப்ராஸ்பர் மெனியே என்ற மருத்துவர் கோளாறு காதிலும் இருக்கலாம் என்றார். உள்காது எப்படிச் சமநிலையைக் காக்கிறது என்று ஆராய்ந்த ராபர்ட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. கழன்ற படிகங்களை, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பியே பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி சொன்னபோது சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. மருந்தில்லை, கத்தியில்லை, சில நிமிட வேலை. இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நம் ஊர்ப்பக்கம் இன்னமும் பித்தம், லோ பிரஷர், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று மூன்று சமாதானங்கள் தயாராக இருக்கின்றன.

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் போனவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். வளைவுக்கு வளைவு காது "திரும்புகிறோம்" என்கிறது, முன்சீட்டின் முதுகையோ மொபைலையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் "அசையவே இல்லை" என்கிறது. நாலு வளைவுக்குள் குமட்டல் வந்துவிடும். டிரைவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்பே தெரியும். மனவுறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உட்கார்ந்திருக்கும் சீட்டு அப்படி.

என் தாய்மாமா ஒருவர் கள்ளக்குறிச்சியில் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளில் பீர்கூடத் தொட்டதில்லை. ஒருநாள் காலை மளிகைக் கடையில் மேல் தட்டைப் பார்த்து ஏதோ சாமான் கேட்டவர் அப்படியே சரிந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். கூடவே வாந்தி. "காலையிலயே போட்டாச்சா பெருசு?" என்று ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். சிலர் ஒதுங்கிப் போனார்கள். பூ விற்கிற அம்மா ஒருவர்தான் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து "என்னாங்கய்யா பண்ணுது?" என்று கேட்டிருக்கிறார். படிகம் கழன்றதுதான் காரணம் என்று பிறகு தெரிந்து, சரியும் ஆகிவிட்டது. ஆனால் மாமா அதன்பிறகு பல மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "விழுந்தது வலிக்கல மாப்ள. என்னையப் போயி குடிகாரன்னு நெனச்சுட்டானுங்களே."

அவர் வலி நியாயமானது. ஆனால் அந்த வாக்கியத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒன்று உறுத்தும். "நான் குடிகாரன் இல்லை, அதனால் என்னைத் தூக்கியிருக்க வேண்டும்." அப்படியானால், குடித்திருந்தால்? அங்கேயே கிடக்க விட்டிருக்கலாமா? தள்ளாடுகிற நல்லவர், தள்ளாடுகிற கெட்டவர் என்று பிரித்து, நல்லவரை மட்டும் தூக்குவதற்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கிறோம். மாமாவின் குறையெல்லாம் தன்னைத் தப்பான வரிசையில் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான். வரிசையே தப்பு என்று அவருக்கும் தோன்றவில்லை.

இந்த வரிசை என்ன செய்யும் என்பதற்குக் கள்ளக்குறிச்சியிலேயே சாட்சி உண்டு. 2024 ஜூன் 18, 19 தேதிகளில் நகரத்துக்குள்ளேயே இருக்கும் கருணாபுரம் பகுதியில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல். அது ஆலைகளில் பயன்படும் மெத்தனால் கலந்தது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனாலின் குரூரம் அதன் தாமதத்தில் இருக்கிறது. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மிக் அமிலமாக மாற்றும், அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். கடுமையான அறிகுறிகள் வரப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை பார்க்கிறவர்களுக்கு அது வழக்கமான போதைத் தள்ளாட்டம். "தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்" என்று விட்டுவிடுவதற்கு எல்லாக் காரணமும் இருக்கும். முறிமருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. நேரம்தான் இருக்காது.

பிறகு அரசு இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் அறிவித்தபோது, "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குக் காசு?" என்று படித்தவர்கள் கேட்டார்கள். டீக்கடையிலும் வாட்ஸாப்பிலும் ஒரே கேள்வி. மளிகைக் கடை வாசலில் கேட்ட சிரிப்பு இன்னும் பெரிதாக, இன்னும் நாகரிகமான சொற்களில் வந்த மாதிரி இருந்தது.

அப்படியென்றால் பொறுப்பு என்று ஒன்றே கிடையாதா, போதையில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவனையும் தடவிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்கலாம். இல்லை. அவனிடமிருந்து முதலில் சாவியைப் பிடுங்க வேண்டும். விஷம் விற்றவனைக் கூண்டில் ஏற்ற வேண்டும். தீர்ப்புக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் கீழே விழுந்து கிடக்கிறவர்முன் நிற்கும் அந்த ஐந்து நிமிடம் அந்த இடமில்லை.

தமிழில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. "என்ன பண்ணினே?" என்பது ஒன்று. "என்ன பண்ணுது?" என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் செய்தவன் நீ. இரண்டாவதில் செய்வது வேறு ஏதோ. அதன் பெயர்கூட நமக்குத் தெரியாது, அது உன்னை என்னவோ பண்ணுகிறது, நீ சொல், நான் கேட்கிறேன். உடம்பு சரியில்லாதவரிடம் கேட்பதற்கென்றே இந்த மொழி வைத்திருக்கும் கேள்வி அது. இதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. மெத்தனால் குடித்தவரிடம் டாக்டர் "என்ன குடிச்சீங்க, எப்ப குடிச்சீங்க?" என்று கேட்டே ஆக வேண்டும், உண்மையான பதில் வேண்டும். அவமானத்துக்கும் போலீஸுக்கும் பயந்தவர் அந்தப் பதிலைச் சொல்லமாட்டார், ஆஸ்பத்திரிக்கே வரமாட்டார். "என்ன பண்ணுது?" முதலில் வந்தால்தான் "என்ன பண்ணினே?"வுக்கு உண்மையான பதில் கிடைக்கும்.

அடுத்தவரைத் தாங்குவது கைகளால் மட்டும் நடப்பதுமில்லை. திடீர்த் தலைசுற்றலோடு வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, நடக்கவே முடியாமல் போவது, இதில் எது சேர்ந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நகரத்தில் அது நிறைய நேரம். கல்வராயன் மலையில் வண்டி போகாத சிற்றூரிலிருந்து நோயாளியைத் தூக்கி இறக்க வேண்டியிருந்தால் அது எவ்வளவு நேரம்? அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அங்குள்ள மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்ததும் 2024ல்தான், சாராயச் சாவுகளுக்குப் பிறகு. ஒருவர் நேராக நிற்பதில் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பங்கு இருக்கிறது.

இன்னொரு விஷயம். 1940களில் பிரிட்டனில் காதார்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள், தலையில் அடிபட்டுச் சமநிலை இழந்தவர்களுக்குப் பயிற்சிகள் வகுத்தார்கள். அதில் தெரிந்தது: உள்காது பழுதானவர் பயந்து படுத்தே கிடந்தால் குணமாக நாளாகும். எழுந்து, தலையைத் திருப்பி, தள்ளாடி நடந்தால்தான் மூளை பிழையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். தலைசுற்றலைத் தூண்டும் அசைவுதான் மருந்தும். அந்த நாட்களில் அவருக்குத் தேவைப்படுவது பக்கத்தில் நடக்க ஓர் ஆள், பிடித்துக்கொள்ள ஒரு தோள், தெருவில் தள்ளாடினால் சிரிக்காத ஓர் ஊர்.

பூக்கார அம்மாவுக்கு என் மாமா நல்லவரா குடிகாரரா என்று அன்றைக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு உதவவில்லை, கேட்டுவிட்டு உதவினார். நிதானம் என்ற சொல்லை யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால், அந்த வாசலில் அதற்குப் பொருத்தமானவர் அவர் ஒருவர்தான்.