பொறுத்தலும் மறைத்தலும்

பத்து அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. அதனைப் பொறுமை என்கிறோம். சினத்தை வெல்லும் அவ்வறத்தை, நோயை வெளியிடாமல் வருந்துவதற்கும் உரியதாகக் கருதி, நம் பெண் மக்களுக்குப் போதித்து வருகிறோம். இது தகுமா என்று சிந்தித்தல் வேண்டும்.

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சூலகத்திலும் குடலை ஒட்டியும் வளர்வதை மருத்துவர்கள் ‘எண்டோமெட்ரியோசிஸ்’ என்பர். அவ்விடங்களில் அழற்சியும் தழும்பும் உண்டாவதால் மாதவிலக்கின்போது தாங்கொணா வலியும், நீங்காத சோர்வும், சிலருக்கு மகப்பேறின்மையும் நேர்கின்றன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளைப்பேற்று வயதினருள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது 19 கோடிப் பெண்கள், இதனால் வருந்துகின்றனர். அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் வலி தணிக்கும் மருந்துகளும், ஹார்மோன் மாத்திரைகளும், தேவையானால் அறுவை சிகிச்சையும் துணை செய்யும். நோய் இன்னதென்று அறியவே பல ஆண்டுகள் கழிவதுதான் பெருங்குறை. “பெண்ணென்றால் வலி இருக்கத்தான் செய்யும்” என்ற சொல்லும் அதற்கு ஒரு காரணம்.

சின்னசேலத்தை அடுத்த கள்ளக்குறிச்சியில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்குச் செல்லும் தொலைவு சிறிது. தன் வலியைத் தாயிடம் சொல்ல ஒரு பெண் கடக்க வேண்டிய தொலைவே பெரிது.

“வேதநீய கருமத்தின் பயனை அனுபவித்தே தீர வேண்டும், மருத்துவம் எதற்கு?” என்று சிலர் வினவலாம். பசியும் நோயும் ஆகிய இரண்டு பரீஷஹங்களையும் நம் ஆகமம் வேதநீயத்தின்பாற்பட்டவை என்றே கூறுகிறது. பசிக்கு உணவளிக்கும் இல்லறத்தார், நோய்க்கு மட்டும் மருந்தை மறுப்பது எவ்வாறு பொருந்தும்?

தவம் என்பது அறிந்து, விரும்பி மேற்கொள்வது. நாணத்தாலும் அச்சத்தாலும் மறைக்கப்படும் வலி தவம் ஆகாது. “இது எப்போது தீரும்” என்று உள்ளம் இடைவிடாது நைவது ஆர்த்த தியானமாகும். அது புதுவினைக்கே வழி. நோன்பு நாள்களிலும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. ஆற்றலுக்கேற்ற தவமே பதினாறு பாவனைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. மிகுந்த உதிரப்போக்கால் வெளிறி நிற்கும் மருமகள் உபவாசத்தைத் தவிர்த்தால், அவளது பக்தியை ஐயுறல் அறமன்று.

அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியமும் ஒன்று. நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தல் அதன்பாற்படும். துறவியர்க்குச் செய்யும் பணியாகவே அதனைப் பெரிதும் கூறுவர். எனினும் அதன் நெறி இல்லத்திற்கும் உரியது. கணவன் தண்ணீர்க்குடத்தைத் தானே எடுத்து வருவதும், மாமியார் வெந்நீர் வைத்துக் கொடுப்பதும், தந்தை தயங்காமல் மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அத்தவத்தின் பகுதிகளே.

நாட்பட்ட நோயுடன் வாழ்பவளுக்குப் பொறுமை வேண்டும், மறுப்பில்லை. ஆனால் அவள் சொல்வதை நம்பிக் கேட்கும் பொறுமை, முதலில் நம்மிடம் இருத்தல் வேண்டும்.