மேற்புறத்தாரும் கீழ்ப்புறத்தாரும்

தாம் கழித்த நீர் கண்ணுக்கு மறைந்தவுடன் தம் கடமையும் மறைந்ததென எண்ணுதல் மக்கட்கு இயல்பு. பிறர்க்குத் தீங்கு செய்யக் கருதாதவன்மேற் பழி சாருமோ எனவும் வினவுவர். இவ்வினாவை உண்மையில் நிகழ்ந்த ஒரு வரலாறு கொண்டு ஆராய்வாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய மசச்சூசெற்ஸிலே, மெறிமக் என்னும் ஆற்றங்கரையில் லோவெல், லாறன்ஸ் என நெசவாலை நகரங்கள் இரண்டுள. லாறன்ஸ், லோவெலுக்கு ஏறக்குறைய 9 மைல் கீழ்ப்புறத்தது. லோவெலின் கழிவுநீர் ஆற்றில் விழுந்தது. லாறன்ஸ் மக்கள் அவ்வாற்று நீரையே பருகினர். ஓடும் நீர் தானே தூய்தாகும் என்பது அக்காலத்தார் பலர் கொள்கை. 1890-91 குளிர்காலத்திலே லோவெலில் நெருப்புக் காய்ச்சல் பரவிற்று. பின்னர் லாறன்சிலும் பரவிற்று. வில்லியம் செட்ஜ்விக் என்னும் அறிஞர் ஆராய்ந்து, நோயாளர் மலங் கலந்த ஆற்று நீரே காரணமெனத் தெளிந்தார். லோவெல் மக்கள் ஒருவரையுங் கொல்லக் கருதினாரல்லர். ஆயினும் கீழ்ப்புறத்தார் மாண்டனர்.

1887 ஆம் ஆண்டிலேயே லாறன்சில் நீராராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. மணலிலுங் கூழாங்கல்லிலும் கழிவுநீரை விட்டு விட்டுப் பாய்ச்சின், இடையிடையே புகுங் காற்றினால் நுண்ணுயிர்கள் வாழ்ந்து அழுக்கைச் சிதைக்கும் என்பது அங்கே புலனாயிற்று. 1893 இல் அந்நகரத்தார் ஆற்று நீரை மணலில் வடித்துப் பருகத் தொடங்கினர். நெருப்புக் காய்ச்சலால் வருஞ் சாவு பெரிதுங் குறைந்தது.

இங்கே நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. குடிநீரை வடித்த லாறன்ஸ், தன் கழிவுநீரை வடியாமலே ஆற்றில் விட்டது. அதன் கீழே ஹேவறில் முதலிய ஊர்கள் இருந்தன. மேற்புறத்தாரால் துன்புற்றவர், தாம் மேற்புறத்தாராய வழி அத்துன்பத்தை மறந்தனர். அவரிடத்து அறிவு இல்லாமலில்லை; கழிவுநீரைத் தூய்தாக்கும் வகை அவ்வூரிலேயே ஆராயப்பட்டது. 1972 இல் தூயநீர்ச் சட்டம் எழுந்த பின்னரே அக்கரை நகரங்களிற் செவ்விய சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. அறிவுக்குஞ் செயலுக்கும் இடையே ஏறக்குறைய எண்பதாண்டு கழிந்தது.

குடிப்பவரே வடித்துக் குடிக்கலாமே என்பார்க்கும் விடையுண்டு. வடித்த நீர் ஊரிலிருந்தும், ஆலைகளில் வாய்க்கால் நீரைப் பருகிய தொழிலாளர் பின்னரும் நோயுற்றனர். காவல் எல்லார்க்கும் ஒருபடித்தாய்க் கிட்டுவதன்று. ஆதலின் அழுக்கை விடுபவனே முதற் கடமையுடையான். கருதாது செய்தமை அறியாத காலத்துக்கே ஏற்கும். அறிந்தபின்னும் அவ்வாறு கூறுதல் பொய்யாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. ஆயினும் இவ்வினா நம்மை விட்டதன்று. மலக்குழியிற் கசியும் நீர் சுண்ணக்கற் பிளவுகளினூடே சென்று நிலத்தடி நீரை அடையும். அயலவர் கிணறே நமக்குக் கீழ்ப்புறம்.

ஆசிரியர்காள்! கிருமிகளின் பெயரைக் கற்பித்தல் எளிது. "நாம் கழித்த நீர் எங்கே செல்கின்றது? அங்கே யார் இருக்கின்றார்?" என மாணவர் தம்மைத்தாமே வினவுமாறு பழக்குதலோ அரிது. பாடசாலைக் கிணற்றையும் மலகூடத்தையும் அவர்க்கு ஒருங்கே காட்டி, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பித்து, அவ்வினாவை அங்கேயே தொடங்குவீராக.