யார் சுமப்பது?

கருத்தடை முறைகளில் எது சிறந்தது என்ற கேள்விக்கு மருத்துவர்கள் கணக்கோடு விடை சொல்லிவிடுகிறார்கள். ஆணுக்கோ பெண்ணுக்கோ அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால், அடுத்த ஓராண்டில் நூறு தம்பதிகளில் ஒருவருக்குக்கூடக் கரு உண்டாவது அரிது. கருப்பையில் பொருத்தும் செம்புச் சாதனமும் ஏறக்குறைய அவ்வளவு உறுதியானதே. மாத்திரையை ஒருநாளும் தவறாமல் விழுங்கினால் அதுவும் அப்படித்தான். ஆனால் மனிதர்கள் மறதிக்கு ஆட்பட்டவர்கள். ஆகவே நடைமுறையில் நூற்றுக்கு ஏழு பேர்வரை ஏமாந்து போகிறார்கள். ஆணுறையில் ஏமாற்றம் அதைவிட அதிகம். நாள் கணக்குப் பார்த்து விலகியிருக்கும் முறையில் அது பின்னும் அதிகம்.

இந்தக் கணக்கு பொய்யன்று. ஆனால் வாழ்க்கையின் கணக்கில் இது பாதிதான். ஒரு முறை எவ்வளவு பலிக்கிறது என்று கேட்கிற நாம், அது யாருடைய உடம்பில் நிகழ்கிறது, யாருடைய வாய்ச்சொல்லால் முடிவாகிறது என்று கேட்பதில்லை. அறம் பற்றிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.

1935 டிசம்பரில் வார்தாவில் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. கருத்தடைக்காகப் போராடித் தம் நாட்டில் சிறை சென்ற அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் சாங்கர், காந்தியடிகளைக் கண்டு பேசினார். செயற்கைச் சாதனங்களைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். கணவனை மறுத்துச் சொல்லப் பெண் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். சாங்கருக்கு அது போதவில்லை. மறுத்துச் சொல்ல இடமே இல்லாத வீட்டில், மறுப்பையே மருந்தாக எழுதிக் கொடுத்து என்ன பயன்?

நம் காலத்து அறிவுக்குச் சாங்கரின் பக்கமே நியாயமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். ஆயினும் காந்தியடிகளின் வழியில் ஒன்று இருந்தது: அது ஆணிடம் எதையோ கேட்டது. 'நீயும் உன்னை அடக்கிக்கொள்' என்றது. சாதனங்கள் வந்தன, மாத்திரை வந்தது, அறுவை வந்தது. விடுதலை வந்தது என்று நாம் மகிழ்ந்தோம். அந்த ஆரவாரத்தில் ஆணிடம் கேட்ட அந்த ஒரு கேள்வி ஓசையில்லாமல் மறைந்துபோயிற்று.

தமிழ்நாட்டில் பெரியார் இதை வேறொரு கோணத்தில் பார்த்தார். நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்றார் அவர். அந்த அளவுகோலை எடுத்து இன்றைய நிலையை அளந்து பார்ப்போம்.

ஆணுக்குச் செய்யும் அறுவை மிகச் சிறியது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அரை மணி நேரத்துக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, பிறகு சோதித்துக்கொண்டால் போதும். ஆண்மைக்குரிய சுரப்பு நேரே இரத்தத்தில் கலப்பது; வெட்டப்படும் குழாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. பெண்ணுக்கோ வயிற்றைத் திறந்துதான் உள்ளே செல்ல வேண்டும். எளியது எது, ஆபத்து குறைந்தது எது என்பதில் மருத்துவர்களிடையே வழக்கே இல்லை.

ஆனால் நடப்பது என்ன? 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, ஆயிரத்துக்கு மூன்று!

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970–71இல் எர்ணாகுளத்தில் நடந்த முகாம்களில் பல்லாயிரம் ஆண்கள் முன்வந்தார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976–77ஆம் ஓராண்டில் மட்டும் நாட்டில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்கு. பலரை அச்சுறுத்தியும் வற்புறுத்தியும் செய்த அந்தக் கொடுமைக்கு 1977 தேர்தலில் மக்கள் தண்டனை கொடுத்தார்கள். அது நியாயமே. ஆனால் அதன் பிறகு அரசு கற்ற பாடம் விசித்திரமானது. 'எவரையும் கட்டாயப்படுத்தாதே' என்று கற்றிருக்க வேண்டும். 'ஆண்களைத் தொடாதே' என்று கற்றுக்கொண்டது. சுமை முழுவதும், தேர்தல் மேடையில் தனக்கென்று குரல் இல்லாதவள்மேல் இறங்கியது. 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பதின்மூன்று பெண்கள் மாண்டார்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 'பெண்களே விரும்பித்தானே செய்துகொள்கிறார்கள்?' என்பார்கள். உண்மைதான். 'அவர் உழைக்கிற உடம்பு. அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது' என்று சொல்கிறவள் மனைவியேதான். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதிகாலையில் எழுந்து இரவு பாத்திரம் கழுவி முடிக்கும்வரை ஓயாத அவள் உடம்பு மட்டும் உழைக்காத உடம்பா? பிரசவ அறுவையின்போதே இதையும் முடித்துக்கொள்வது சௌகரியம் என்றும் சொல்வார்கள். வயிறு திறந்திருக்கும் வேளையில் அது நியாயமான காரணந்தான். சில குடும்பங்களுக்கு அதுவே நல்ல முடிவாகவும் இருக்கலாம். எல்லாக் குடும்பங்களுக்கும் அதுவே விதியாகிவிட்டால் அங்கே தேர்வு என்பது ஏது?

ஆகவே எந்த முறையையும் குறைசொல்ல நான் வரவில்லை. மாத்திரையோ, சாதனமோ, உறையோ, அறுவையோ, இருவரும் உட்கார்ந்து பேசி, இருவர் உடம்பையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தது எதுவோ அது நல்ல முறை. பேச்சே எழாமல் ஒருத்தியின் தலையில் வந்து விழுந்தது எதுவாயினும், அது நூற்றுக்கு நூறு பலித்தாலும், நல்ல முறை ஆகாது.

பிள்ளை பெறும் வலியை இயற்கை பெண்ணுக்கே வைத்துவிட்டது. அதை நாம் பங்கிட்டுக்கொள்ள முடியாது. பெறாமலிருக்கும் சிரமத்தையாவது பங்கிட்டுக்கொள்ள விஞ்ஞானம் வழிவிட்டிருக்கிறது. அந்த வழியில் நடக்க ஓர் ஆணுக்கு வேண்டியது பெரிய தியாகம் எதுவும் அன்று. அரை மணி நேரமும், 'இந்த முறை நான் போகிறேன்' என்று சொல்லும் மனமுந்தான்.